சபையில் உங்கள் வரத்தைக் கண்டு ஊழியம் தொடங்குவது எப்படி: முதல் வாரம் முதல் ஒப்படைப்பு வரை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஊர்ச் சபையில், புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களை வேலையில் சேர்த்துவிடும் பொறுப்பு 12 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "அண்ணே, எனக்கு என்ன வரம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வரம் என்றால், மற்றவர்களுக்கு உதவும்படி தேவன் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் ஆற்றல். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதை முதலில் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தே இரண்டு வருடம் கழித்தவர்களை எனக்குத் தெரியும். இந்த வழிகாட்டியில் அதற்கான பதில் ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐந்து படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வேதாகமம், ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு, வாரத்தில் மாறாத இரண்டு மணி நேரம், உங்கள் முகத்துக்கு நேராக உண்மை சொல்லக்கூடிய ஒருவர். இந்த நான்கு போதும்.

இரண்டு மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்வத்தில் "தினமும் வருகிறேன்" என்று சொல்கிறவர் மூன்றாவது வாரம் காணாமல் போய்விடுவார். அவருக்காகக் காத்திருந்த படுக்கை நோயாளிக்கு அந்த ஏமாற்றம் பெரியது. சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை என்று குறித்துவிட்டால், அந்த நேரம் அவருக்கும் நிச்சயம், உங்களுக்கும் நிச்சயம்.

அப்புறம் வீட்டில் பேசிவிடுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ பெற்றோரிடமோ, "வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம் நான் வெளியே இருப்பேன், அதனால் யாருக்குச் சிரமம்?" என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிற வயதான அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அடுத்த தெருப் பாட்டியைப் பார்க்கப் போவது ஊழியம் ஆகாது. தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரிப்பதைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

1. நான்கு பகுதிகளையும் வாசியுங்கள். உங்கள் பெயரை அதில் தேடாதீர்கள்

ரோமர் 12:3-8, 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரை, எபேசியர் 4:11-16, 1 பேதுரு 4:7-11. ஒரு வாரத்தில் இரண்டு முறை வாசிக்கலாம்.

வாசித்ததும் ஒன்று தெரியும்: பட்டியல்கள் ஒன்றுபோல் இல்லை. ரோமரில் ஏழு, 1 கொரிந்தியர் 12:8-10-இல் ஒன்பது. பேதுருவோ பேசுவது, உதவிசெய்வது என்று இரண்டே இரண்டில் முடித்துவிடுகிறார். எனவே இவை முழு அட்டவணை இல்லை, எடுத்துக்காட்டுகள் என்றே நான் வாசிக்கிறேன். ஆசரிப்புக் கூடாரத்தின் பொன் வேலைக்கும் மர வேலைக்கும் பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கர்த்தர் தேவ ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. தச்சு வேலை இந்த நான்கு பட்டியலிலும் இல்லை. "என் வேலை பட்டியலில் இல்லை, எனவே எனக்கு வரம் இல்லை" என்று ஒதுங்கிய ஒரு எலக்ட்ரீசியன் தம்பிக்கு இந்த அதிகாரத்தைத்தான் காட்டினேன்.

தமிழ் வாசகர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு உண்டு. ரோமர் 12:8-இல் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று வருகிறது. இன்றைய பேச்சில் முதலாளி என்றால் கடைக்குச் சொந்தக்காரர். அங்கே சொல்லப்படுவது முன்னின்று நடத்துகிறவர், பொறுப்பேற்று விசாரிக்கிறவர். கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கையில் வாங்கியதும் அதட்டத் தொடங்குகிறவர்கள் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, 1 கொரிந்தியர் 12:7. "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அவனவனுக்குச் சொந்தப் பயன் என்று பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்க வாக்கியத்தில் "ஒவ்வொருவனுக்கும்" என்பது "அளிக்கப்பட்டிருக்கிறது" என்பதோடு சேர்கிறது. எதற்காக என்றால் நன்மைக்காக. யாருடைய நன்மைக்கு என்பதை அந்த அதிகாரம் முழுவதும் சரீரத்தையும் அவயவங்களையும் வைத்துப் பவுல் சொல்லிவிடுகிறார். கண் தனக்காகப் பார்ப்பதில்லை.

பேதுரு எழுதியதில் எனக்கு மிகவும் உதவிய சொல் "உக்கிராணக்காரர்". எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம், அதாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, நடக்கும்போது உக்கிராண அறைப் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அவர் கையில்தான். ஆனால் ஒரு படி கூட அவருடையது இல்லை. சமையல்காரர் கேட்டதும் அளந்து கொடுக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டால் ஊரே பசியோடு உட்கார்ந்திருக்கும். வரம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள். மீதிப் படிகள் தானாகப் புரியும்.

2. இரண்டு வாரம் தேவைகளை எழுதுங்கள்

இப்போது நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் திறமைகளை எழுதாதீர்கள். சபையிலும் தெருவிலும் நீங்கள் கண்ணால் பார்த்த தேவைகளை எழுதுங்கள். பத்து வரும்வரை நிறுத்த வேண்டாம்.

எங்கே பார்ப்பது? ஆராதனையில் காலியாகிவிட்ட இடத்தைப் பாருங்கள். வழக்கமாக அங்கே உட்கார்ந்தவர் எங்கே? கோயில் முடிந்ததும் யாரோடும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் யார்? ஞாயிறு பள்ளியில் ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளை வைத்துத் திணறுகிறாரா? படிகளில் ஏற முடியாமல் வாசலிலேயே ஆராதனை கேட்கிறவர் உண்டா? ஆயரையும், வீடு வீடாகப் போய்வரும் சபை ஊழியரையும் தனித்தனியே கேளுங்கள். சபை ஊழியருக்குத் தெரிந்தது சபைக் கமிட்டிக்குக்கூடத் தெரியாது.

தேவையிலிருந்து தொடங்கச் சொல்வது என் சொந்த யோசனை இல்லை. அப்போஸ்தலர் 6-ஐப் பாருங்கள். கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ஏழுபேர் தேடப்பட்டார்கள். பசித்த விதவைகள் முதலில், ஊழியர்கள் பிறகு.

இந்தப் படியில் நடக்கும் பிழை, பத்துத் தேவையையும் எழுதிவிட்டு அதைக் குறைகூறும் பட்டியலாக ஆயரிடம் நீட்டுவது. எழுதியது மற்றவர்கள் செய்வதற்கு இல்லை. அதில் ஒன்றை நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

3. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பத்தில் எதை எடுப்பது? ஜெபத்தோடு நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வரியைப் படிக்கும்போது உங்களால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை? வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அது அடங்குமா? அதற்கு இன்று உங்களிடம் இருப்பது போதுமா, அல்லது முதலில் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமா?

முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். ஒரே வீட்டுக்குப் போய்வந்த நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "அந்தப் பாட்டிக்குப் பேச்சுத்துணை இல்லையே" என்பார். இன்னொருவர், "கூரை ஒழுகுதே" என்பார். மூன்றாமவர், "பேரனுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை" என்பார். நான்காமவர், "நாலுபேர் தனித்தனியா போறதுக்கு ஒரு முறை வச்சுப் போகலாமே" என்பார். இரக்கம், உதவி, போதித்தல், நடத்துதல் ஆகிய நான்கும் அந்த நான்கு வாக்கியங்களில் வெளியே வந்துவிட்டன. எது உங்கள் கண்ணில் முதலில் படுகிறது என்பது ஒரு நல்ல அடையாளம். முடிவான சான்று அது இல்லை. சான்று பின்னால் வரும்.

மைக் இருக்கிற வேலையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பாடலோ பிரசங்கமோ தாழ்ந்தது என்பதற்காக இல்லை. மேடையில் கிடைக்கும் பாராட்டு, வரத்தையும் விருப்பத்தையும் பிரித்துப் பார்க்க விடாது. யாரும் பார்க்காத இடத்தில் ஆறு வாரம் செய்துவிட்டு மேடைக்குப் போனால் அங்கேயும் நிதானமாக நிற்கலாம்.

4. ஆயரிடம் சொல்லிவிட்டு, ஒரு துணையோடு தொடங்குங்கள்

"ஆண்டவர் என்னை ஏவினார், யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏவினது உண்மையாகவே இருக்கட்டும். அந்த ஏழுபேரும்கூடச் சபையாரால் தெரிந்துகொள்ளப்பட்டு, அப்போஸ்தலருக்கு முன் நிறுத்தப்பட்டு, ஜெபத்தோடும் கை வைத்தலோடும்தான் வேலைக்குப் போனார்கள். சொல்லாமல் தொடங்கினால், அதே வீட்டுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளோடு உரசல் வரும். அந்த வீட்டில் முன்பு நடந்த ஏதாவது கசப்பு உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆயருக்கு அது தெரியும்.

சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: என்ன வேலை, எந்த நாள், எத்தனை வாரம், யாரோடு. "ஊழியம் செய்ய ஆசையா இருக்கு ஐயா" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "சனிக்கிழமை மாலை, ஆறு வாரம், படுக்கையில் இருக்கிற மூன்று பேரைப் பார்த்து வருகிறோம்" என்றால் அன்றே ஜெபித்து அனுப்புவார்.

துணை கட்டாயம். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு 6:7-இல் இருக்கிறது. நடைமுறையிலும் காரணம் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம். தவறாகப் பேசினால் திரும்பும் வழியில் சொல்லலாம். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண் ஒருவர் தனியே போகும் சங்கடமும் வராது.

5. ஆறு வாரம், சிறிய அளவில்: வீடு சந்திப்பை உதாரணமாக வைத்து

எந்த வேலையாக இருந்தாலும் முதல் சுற்றை ஆறு வாரத்தில் முடித்துவிடுங்கள். முடிவு தெரிந்தால் தொடங்கவும் தைரியம் வரும், விலகவும் மரியாதையான வழி இருக்கும். புதியவர்கள் அதிகம் தவறுவது வீடு சந்திப்பில் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முந்தின நாளே போன் செய்யுங்கள். திடீரென்று போய் நின்றால் படுக்கையில் இருப்பவர் தலை வாராமல், துணி சரியில்லாமல் இருப்பார். கவனித்துக்கொள்ளும் மருமகளுக்கு அது அவமானமாகப் படும். சாப்பாட்டு நேரம், மருந்து நேரம், தூங்கும் நேரம் இவற்றைக் கேட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே போனதும் நிற்காதீர்கள். நின்றால் கிளம்பப் போகிறவர் போலத் தெரியும். படுத்திருப்பவர் கழுத்தைத் திருப்பாமல் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். காது மந்தமானவர் என்றால் கத்த வேண்டாம். நேராகப் பார்த்து மெதுவாகப் பேசினாலே பெரும்பாலும் போதும். காப்பி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். கொடுக்க முடிகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. பணம் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். காணிக்கை என்றால் கோயிலில் ரசீதோடு கொடுக்கச் சொல்லுங்கள்.

மொத்தம் இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் அவர் பேசட்டும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஆண்டவர் கிருபை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள், பேச்சு வரும். வசனம் சிறியதாக இருக்கட்டும். சங்கீதம் 23 அல்லது 121 பெரும்பாலானவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் வாசிக்க, அவர் உதடும் கூடவே அசையும். வாய் பேச வராத ஒரு தாத்தா 121-க்கு மட்டும் உதடு அசைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் இரண்டு நிமிடம். ஜெபத்துக்குள் புத்திமதி வைக்காதீர்கள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் தாயை நன்றாகப் பார்த்துக்கொள்ள உணர்த்தும்" என்று ஜெபித்துவிட்டு ஒரு சகோதரர் வெளியே வந்தார். அந்த வீட்டுக் கதவு அவருக்கு அதன்பின் திறக்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்ட மகளின் முன்னால் சொல்லப்பட்ட ஜெபம் அது.

மருத்துவத்தில் தலையிடாதீர்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது. கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுலே எழுதினார். லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று கூப்பிட்டார். சுகத்துக்காக முழு மனதோடு ஜெபியுங்கள். எந்த நாளில் சுகம் வரும் என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன், கவனித்துக்கொள்கிறவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். நோயாளியை எல்லோரும் விசாரிக்கிறார்கள், அவரை யாரும் விசாரிப்பதில்லை. "அடுத்த வாரம் ஒரு மணி நேரம் நாங்க இங்க இருக்கோம்மா, நீங்க வெளிய போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் சபையில் இந்த ஊழியம் உண்மையில் வேர்பிடித்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் மூன்று வரி: போன தேதி, அவர் சொன்ன ஒரு தேவை, அடுத்த முறை கேட்க வேண்டியது. "போன வாரம் பேத்திக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களே, எப்படி எழுதினா?" என்று நீங்கள் கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

6. பெற்றவரிடம் கேட்டு வரத்தை உறுதிசெய்யுங்கள்

ஆறு வாரம் முடிந்தது. இப்போதுதான் அந்த முதல் கேள்வி: இது எனக்குரிய வரமா?

இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து தீர்க்க முடியாது. சாப்பாடு எப்படி இருந்தது என்பதைச் சாப்பிட்டவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊரில் "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகக் குறை சொல்வது நம் பழக்கம் இல்லை. எனவே கேள்வியை மாற்றுங்கள். "அடுத்த தடவை எதை விட்டுவிடலாம்?" என்று கேளுங்கள். "நீங்க ரொம்ப வேகமா வாசிக்கிறீங்க தம்பி" போன்ற உண்மையான பதில்கள் அப்போதுதான் வரும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. நீங்கள் போகாத வாரம் அவர்கள் உங்களை விசாரிக்கிறார்களா? களைத்துப்போய் வந்தாலும் அடுத்த சனிக்கிழமை போக மனம் இருக்கிறதா? உங்கள் துணையும் ஆயரும் "இதில் தொடருங்கள்" என்று தாங்களாகவே சொல்கிறார்களா? மூன்றும் ஆம் என்றால் தயங்காமல் தொடருங்கள். இரண்டுக்கு ஆம் என்றால் இன்னும் ஆறு வாரம். ஒன்று மட்டும் என்றால் வேறு வேலைக்கு மாறுவது நல்லது.

மாறுவது தோல்வி இல்லை என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எனக்குப் போதிக்கும் வரம் இருக்கிறது என்று நம்பி ஒரு வருடம் முழுக்க ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுத்தேன். நன்றாகத் தயார் செய்தேன், உண்மையாக ஜெபித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்து வகுப்புக்கு நகர்ந்தார்கள். கடைசியில் ஒரு மூத்த ஆசிரியை, "தம்பி, நீங்க பாடம் எடுக்கறத விட, யாருக்கு எந்த வகுப்புன்னு பிரிச்சுக் கொடுத்தது எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கு" என்றார். அன்றிரவு வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி. 1 கொரிந்தியர் 12:28-இல் "ஆளுகைகள்" என்று ஒரு சொல் வருகிறது. அதற்கான கிரேக்கச் சொல் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதிலிருந்து வந்தது. ஆட்களையும் வேலையையும் பொருத்துவதும் ஒரு வரம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நானும் பிள்ளைகளும் இன்னொரு வருடம் இழந்திருப்போம்.

தீர்க்கதரிசனம், குணமாக்குதல், பாஷைகள் பற்றிச் சபைக்குச் சபை புரிதல் வேறுபடுகிறது. உங்கள் சபையின் போதனைக்கு உட்பட்டு நடங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் ஒன்று பொது: தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்கிறது. நிதானிக்க இடம் கொடுக்காமல், "கர்த்தர் சொன்னார்" என்று ஒருவருடைய கல்யாணத்தையோ வேலையையோ பண விஷயத்தையோ நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

7. உறுதியான வரத்தைப் பழக்கிக் கூர்மையாக்குங்கள்

"வரம் தேவன் கொடுத்தது, பயிற்சி எதற்கு?" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது, வரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி". விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சாம்பலுக்கடியில் கங்கு இருக்கும். கிளறி ஊதாவிட்டால் காலையில் அடுப்பு குளிர்ந்து கிடக்கும்.

ஆதிச் சபையில் போதித்த அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். அவனையும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். கூட்டத்தில் வைத்துத் திருத்தவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நோயாளிகளைப் பார்க்கிறவர் என்றால், படுக்கைப் புண் வராமல் ஒருவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்பதை ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். போதிக்கிறவர் என்றால், பாடத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் முந்தின நாள் சொல்லிப் பாருங்கள். அது எங்கே கொட்டாவி விடுகிறதோ அங்கே வெட்டுங்கள். கொடுக்கிறவர் என்றால், வாங்குகிறவர் தலைகுனியாதபடி கொடுப்பதற்குப் பழகுங்கள். அரிசி மூட்டையோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மத்தேயு 6:3 அதைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

8. பணம், பிள்ளைகள், இரகசியம்: மூன்று வேலிகள்

நல்ல ஊழியங்கள் விழுந்தது பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான். எனவே வேலை வளர்வதற்கு முன்பே வேலி போடுங்கள்.

பணத்தை ஒருவர் மட்டும் எண்ணக் கூடாது, ஒருவர் மட்டும் வைத்திருக்கவும் கூடாது. எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகும்போது ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருந்ததாகப் பவுல் 2 கொரிந்தியர் 8:20-இல் சொல்கிறார். கூடச் சகோதரரையும் அனுப்பினார். அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது. ஐந்நூறு ரூபாய் என்றாலும் ரசீது, நோட்டில் இரண்டு கையெழுத்து.

பிள்ளைகளோடு ஊழியம் செய்யும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் அதைச் சபைக்குள்ளேயே பேசி முடிக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்ணை ஞாயிறு பள்ளிச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

இரகசியத்தில் புதியவர்கள் தெரியாமலேயே தவறுவார்கள். ஒரு வீட்டில் கேட்டதை ஜெபக் கூட்டத்தில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் சொல்லிவிடுவார்கள். மகனின் குடிப்பழக்கம் ஊர் முழுக்கப் பரவிவிடும். "இதைக் கூட்டத்தில் சொல்லி ஜெபிக்கலாமா?" என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் அறையில் ஜெபியுங்கள். ஒருவரின் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த விதி பொருந்தாது.

9. மூன்றாம் மாதமே ஒருவரைச் சேர்த்து, ஆண்டு முடிவில் ஒப்படையுங்கள்

காலைமுதல் சாயங்காலமட்டும் தனியே நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னது அவருடைய மாமனார் எத்திரோ. மோசே மட்டும் இல்லை, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். யாத்திராகமம் 18-ஐ ஒவ்வொரு புதிய குழுவோடும் சேர்ந்து வாசிக்கிறேன்.

மூன்றாம் மாதம் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். முதல் நான்கு வாரம் அவர் பார்க்கட்டும். அடுத்த நான்கு வாரம் வசனம் அவர் வாசிக்கட்டும், ஜெபம் நீங்கள் செய்யுங்கள். அதற்கடுத்து முழுதும் அவர் செய்ய, நீங்கள் ஓரமாக உட்காருங்கள். உங்களைப் போலச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குப் பேச்சு வரும், அவருக்கு வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வரும். அந்த வீட்டுக்கு இரண்டும் வேண்டியிருக்கலாம்.

வருடத்தில் ஒரு மாதம் ஓய்வு எடுங்கள். ஓய்வை முன்கூட்டியே சொல்லுங்கள், உங்கள் இடத்தில் யார் வருவார் என்ற பெயரோடு. ஓய்வு மாதத்தில் ஊழியம் நின்றுபோனால், ஆள் பழக்குவதில் எங்கோ விட்டுவிட்டீர்கள் என்று பொருள். மூன்றாம் மாதத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி செய்யுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் புதியவரை ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே அழைத்துப் போங்கள். போனில் சொல்லி முடிக்காதீர்கள். "இனி இவங்க வருவாங்க பாட்டி, நானும் மாசத்துல ஒருநாள் வந்து பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மாதத்தில் ஒருநாள் போங்கள். பெயர்களும் மருந்து நேரங்களும் எழுதிய அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். அப்புறம் கடையில் ஒரு புது நோட்டு வாங்கி, இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள்.